நான்கு இன்னாசிகள்

அன்றைக்குப் பிரகாசி நான்கு கணவர்களைப் பார்த்துப் பேசி, அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது.

மருத்துவமனைச் சீட்டில் அப்படியெல்லாம் எழுதியிருக்கவில்லை. ‘நிழல் நேர்காணல், நான்கு மருந்துகள், கூட வருபவர் இருவருக்கு மிகாமல்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது. ஆனால் பிரகாசிக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதனால்தான் பீரோவைத் திறந்து கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கு யாராவது பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வருவார்களா என்று கணவரின் அண்ணன் சூசை வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உண்மையான கணவர் இன்னாசி இரண்டாம் மாடி வார்டில் இருந்தார். சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. நாற்பத்தொரு வயது. தூத்துக்குடியில் மக்ரூன் போடாத பேக்கரி கிடையாது. ஆனால் இன்னாசி கையால் பிழிந்த மக்ரூன் என்றால் தனியாகத் தெரியும். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரித் தூளும் அடித்த நுரையைக் காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழிவார். இருநூறு பிழிந்தாலும் இருநூறும் ஒரே உயரம், ஒரே நுனி. கல்யாணமான புதிதில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள் பிரகாசி. வேலை செய்கிற ஆளைப் பார்த்து அப்படி மயங்கலாமா என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

அந்த மனிதருக்கு ஒன்பது வருடத்தில் மூன்று முறை மனம் ஏறிவிட்டது. ஏறினால் தூக்கம் கிடையாது, பேச்சு நிற்காது, உலகமே தனக்காகத்தான் சுற்றுகிறது என்று தோன்றும். பிறகு இறங்கும்போது கட்டிலை விட்டு எழ மாட்டார். இந்த முறை தனியாக ஒரு ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டார். மூன்றாம் நாள் மணப்பாட்டுப் பக்கத்தில் யாரோ கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். உதடெல்லாம் வெடித்துத் தோல் உரிந்து கிடந்தார். பிரகாசியைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “கடலுக்குள்ள ரோடு போட்டாச்சுட்டி, நீயும் வா” என்பதுதான்.

வந்த புதிதில் போட்ட ஊசியில் ஏற்றம் தணிந்து, போன வாரத்திலிருந்து அவர் தெளிவாகப் பேசினார். இனி வருடக்கணக்கில் எந்த மாத்திரையைச் சாப்பிடுவது என்பதுதான் கேள்வி.

மூன்றாம் மாடியில் டாக்டர் மைமூன் காத்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், காயல்பட்டினத்துக்காரர். பூசி மெழுகிப் பேசத் தெரியாது.

“உட்காருங்க. முன்னாடியெல்லாம் இந்த வசதி கிடையாது. ஒரு மாத்திரை எழுதுவோம். அது கேக்குதான்னு தெரிய ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும். ஆனா பக்கவிளைவு மறுநாளே வந்து நிக்கும். வாய் காயுது, கை நடுங்குதுன்னு ஜனங்க பாதியிலேயே நிறுத்திருவாங்க. ஒத்துக்கலைன்னா அடுத்த மாத்திரை. இப்படியே ரெண்டு வருஷம் போகும். இப்ப அவர் மூளையை அளந்து, ரத்தத்தையும் வச்சு, கணினிக்குள்ள அவர் மாதிரியே ஒரு நிழல் பண்றோம். அந்த நிழலுக்கு மருந்து கொடுத்து ஓட்டுறோம். ரெண்டு வருஷத்தை ஒரு பகல்ல ஓட்டிரலாம்.”

“நோயை மட்டும் பிடிக்கிற மாதிரி மாத்திரை இல்லியா டாக்டர்?” என்று கேட்டாள் பிரகாசி. “எதுக்கு அது கையில போய்க் கை வைக்குது?”

“மாத்திரை திருடனைத் தேடிப் பிடிக்கிற போலீஸ் இல்லம்மா. மூளையில ஒரு செல்லுலேருந்து இன்னொண்ணுக்குச் சேதி போய்க்கிட்டே இருக்கு. மாத்திரை அந்தச் சேதியைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். சந்தோஷத்துக்குப் போற அதே சேதிதான் கைக்கும் போகுது, பசிக்கும் போகுது, தூக்கத்துக்கும் போகுது. ஒரு இடத்துல குறைச்சா எல்லா இடத்துலயும் குறையும். எங்க எவ்வளவு குறையும்கிறது ஆளுக்கு ஆள் வேற.”

சூசை தொண்டையைச் செருமினார். “எங்களுக்கு அதெல்லாம் எதுக்கு டாக்டர்? அவன் வீட்ல அடங்கி இருந்தாப் போதும்.”

“அவர் அடங்கி இருக்கிறது வேற, நல்லா இருக்கிறது வேற” என்றார் டாக்டர். “பார்த்துட்டுச் சொல்லுங்க. நீங்க பேசுறதைப் பதிவு பண்ணுவோம். ஒருத்தருக்குப் பதினைஞ்சு நிமிஷம்.”

உள்ளறையில் ஒரு நாற்காலி, எதிரே சுவர் அளவுக்கு ஒரு திரை. ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். சூசை வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

திரையில் முதல் இன்னாசி வந்தார். வந்தவர் உட்காரவில்லை. அறைக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தார். உட்காருங்களேன் என்று அவள் சொன்னதும் உட்கார்ந்தார், அரை நிமிடத்தில் எழுந்தார்.

“முடியலட்டி. காலுக்குள்ள எறும்பு ஊருத மாதிரி இருக்கு. நிக்கவும் முடியல, இருக்கவும் முடியல. மனசு நல்லாத்தான் இருக்கு, உடம்புதான் ஓடு ஓடுங்குது” என்று சொல்லிக்கொண்டே மறுபடி நடந்தார். பதினைந்து நிமிடத்தில் அவர் எத்தனை முறை அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் போய் வந்தார் என்று பிரகாசிக்குத் தலை சுற்றிவிட்டது. இது ஆகாது என்று அப்போதே முடிவு செய்தாள்.

இரண்டாவது இன்னாசி அமைதியாக உட்கார்ந்திருந்தார். கை நடுங்கவில்லை, கால் ஆடவில்லை. பிரகாசிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது.

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன்.”

“சாப்பாடு?”

“நல்லா இருக்கு.”

போன தவக்காலத்தில் அவருடைய அம்மா இறந்துபோனாள். அடக்கத்தன்று இன்னாசி அழுத அழுகையை நான்கு பேர் பிடித்தும் நிறுத்த முடியவில்லை. அதை நினைத்துக்கொண்டு, “அத்தை நெனப்பு வருதா?” என்று கேட்டாள்.

“வருது.”

“வந்தா அழுகை வருமா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “வரல. நல்லாத்தான் இருக்கேன்.”

உயிரோடு இருக்கிற மனிதர் அம்மாவைப் பற்றி இப்படி யாரோ எவரோ போலப் பேசுவதை அவள் கேட்டதில்லை. வெளியே டாக்டரிடம் வந்து, “இவரு உள்ள இல்ல டாக்டர்” என்றாள். டாக்டர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். சூசை மட்டும், “இவனுக்கு என்ன கொற?” என்றார்.

மூன்றாவது இன்னாசி திரையில் வந்ததும் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏட்டி, யாருக்குக் கல்யாணம்? பட்டும் பவிசுமா வந்திருக்க?”

பிரகாசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த கையோடு கண்ணும் நிறைந்துவிட்டது. “உங்களுக்குத்தான்” என்றாள்.

“எனக்கா? பொண்ணு லெச்சணமா இருந்தாச் சொல்லு, இன்னொரு தடவ கட்டிக்கிடுதேன்.”

திரைக்குள் ஒரு மேசை, தட்டு, காகிதக் கூம்பு எல்லாம் வைத்திருந்தார்கள். அவள் கேட்காமலே அவர் கூம்பை எடுத்தார், பிழிந்தார். ஒரே உயரம், ஒரே நுனி. நடுவில் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது குரல் தழுதழுத்து, தானே சமாளித்துக்கொண்டார். கடலுக்குப் போனது பற்றி அவள் தயங்கித் தயங்கிக் கேட்டதும், “அது நானில்லன்னு சொல்ல மாட்டேன். நாந்தான் போனேன். நெனச்சா எனக்கே ஈரக்கொலை நடுங்குது” என்றார். பதினைந்து நிமிடம் போனதே தெரியவில்லை.

வெளியே வந்ததும், “இவருதான்” என்றாள்.

“நாலாவதையும் பாருங்க. அதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்குங்க” என்றார் டாக்டர். “இந்த மாத்திரையில ரெண்டு வருஷத்தை நூறு தடவை ஓட்டிப் பார்த்தோம். இருபத்திரண்டு தடவை மறுபடியும் ஏறிருச்சு.”

நூற்றில் இருபத்திரண்டு. சூசை உதட்டைப் பிதுக்கினார். பிரகாசி மறுபடி உள்ளே போனாள்.

நான்காவது இன்னாசி கனத்துப் போயிருந்தார். முகம் உப்பி, கண் பாதி மூடியிருந்தது. அவளை அடையாளம் கண்டு அவர் சிரிக்க ஆரம்பித்துச் சிரிப்பு முகத்துக்கு வந்து சேரச் சற்று நேரம் ஆயிற்று. கடைவாயில் எச்சில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“சாப்பிட்டியா?” என்றார் மெதுவாக.

“சாப்பிட்டேன். நீங்க?”

“எந்நேரமும் பசிக்கிட்டி. தூங்குதேன், திங்கேன். பதினாலு மணி நேரம் தூங்குதேன்.” பிறகு மேசையைப் பார்த்தார். கூம்பை எடுத்தார். கை நடுங்கி நுரை தட்டில் பரந்து அப்பளம்போல் உட்கார்ந்தது. இன்னொன்று பிழிந்தார், அதுவும் அப்படியே. இரண்டையும் விரலால் வழித்து எடுத்துவிட்டுக் கூம்பை ஓரமாக வைத்தார். “இது இனி ஆகாது” என்றார். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தெரிந்துதான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இந்த மாத்திரையில் நூற்றுக்கு இரண்டு தடவைதான் ஏறியது என்று டாக்டர் சொன்னார்.

“பேசி முடிச்சாச்சே, இவங்களையெல்லாம் என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள் பிரகாசி.

“நிறுத்திருவோம்.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுன்னு நினைக்கிறோம். நிச்சயமாச் சொல்ல எங்களால முடியலம்மா.”

மூன்றாவது ஆளை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள் என்று பிரகாசி கேட்டாள். ஒருவருக்கு விதி ஒன்று, மற்றவருக்கு ஒன்று கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரகாசியின் கண் முன்னால், நிழலுக்கு ஒன்றாகக் கணினியில் எரிந்துகொண்டிருந்த நான்கு விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

கீழே கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருந்தது. சூசை பேச ஆரம்பித்தார்.

“நாலாவதுதான் பிரகாசி. யோசிக்கவே வேண்டாம்.”

“கையப் பாத்தியளா அத்தான்? மக்ரூன் போட முடியாத கை அவருக்கு எதுக்கு?”

“நான் மூணு நாளு கடல்ல தேடினேன். நீ கரையில நின்ன, நான் தண்ணியில நின்னேன். மெதக்குத ஒவ்வொரு கட்டையையும் தம்பின்னு நெனச்சு நெனச்சு…” கெட்ட மனிதரில்லை சூசை. பயந்துபோன மனிதர். “மக்ரூன் போடலன்னா செத்தா போயிருவான்?”

“அப்படி இருந்தா அவரு இருந்து இல்லாத மாதிரிதான். வீட்ல இருக்கப் போறது நானு. நான் பாத்துக்கிடுதேன். ஏறுத மாதிரி தெரிஞ்சா மொத நாளே தூக்கிட்டு வந்திருதேன்.”

“நூத்துக்கு இருவத்திரெண்டு!”

“எழுவத்தெட்டு இருக்குல்லா!”

ஒரு மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் சூசை, என்னமும் செய் என்று எழுந்து போய்விட்டார். பிரகாசி மேலே போய்ப் படிவத்தில் ‘மூன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என்ன படிவம் என்று படிக்கவில்லை. ஒன்பது வருடமாக இன்னாசியின் எல்லாத் தாள்களிலும் அவள்தான் கையெழுத்துப் போடுகிறாள். டாக்டர்களும் இத்தனை காலமும், ‘ஆள் எப்படி இருக்காரு?’ என்று அவளைத்தான் கேட்டார்கள். பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் சார்பில் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது பழகிவிட்டது. அவருக்காக அண்ணனோடு சண்டை போட்டவளுக்கும், போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை.

நான்கு மணிக்கு இரண்டாம் மாடிக்கு அழைத்தார்கள். சேலையைச் சரிசெய்துகொண்டு, புதுப்பெண் மாதிரித்தான் போனாள். இன்னாசி சட்டை மாற்றி, சவரம் செய்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டாக்டர் மைமூன். மேசையில் தண்ணீர், ஒரு மாத்திரை அட்டை. அட்டையில் ‘4’ என்று ஒட்டியிருந்தது.

“மாத்திக் குடுத்துட்டீங்க டாக்டர். நான் மூணுன்னுல்லா எழுதினேன்!”

“நீங்க எழுதினது கூட வந்தவர் கருத்து. அதை அவர்கிட்டக் காட்டினேன். நீங்க நாலு பேர்கிட்டயும் பேசின பதிவையும் போட்டுக் காட்டினேன். சட்டப்படி அவர் தெளிவா இருந்தா அவர் சொல்றதுதான். தெளிவா இருக்காரான்னு நானும் இன்னொரு டாக்டரும் தனித்தனியாப் பார்த்தோம். அவர் நாலைக் கேட்டார்.” டாக்டர் எழுந்தார். “நீங்க பேசிக்கிட்டு இருங்க.”

பிரகாசிக்குக் கோபம் தலைக்கேறியது. “யாரக் கேட்டு இத எடுத்தீங்க?”

“அதே கேள்விய நானும் கேக்கலாம்லா?” என்றார் இன்னாசி. ஆனால் குத்தலாகச் சொல்லவில்லை. “உக்காரு.”

உட்கார்ந்தாள்.

“மூணாவது ஆளு நல்லா இருக்கான். எனக்கே அவனப் புடிச்சிருந்து. நீ அப்படிச் சிரிச்சு எத்தன வருசமாச்சு! ஆனா பிரகாசி, சத்தத்த அமத்திட்டு நான் உன்னைய மட்டும் பாத்தேன். நீ சிரிக்கத்தான் செய்யுத. ஆனா நாற்காலி நுனியில இருக்க. ஒரு காலு வாசலப் பாத்து இருக்கு. எப்ப என்ன ஆகுமோ, எந்திரிச்சு ஓடணும்ங்கிற மாதிரி. வீட்லயும் நீ அப்படித்தான் இருக்க, ஒம்பது வருசமா. எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது.”

“அது…”

“கேளு. நாலாவது ஆளு வந்தான். வாயில எச்சி வடியுது. ஒரு மக்ரூன் உருப்படியாப் பிழியத் தெரியல. அவன் முன்னால நீ சாஞ்சு இருந்த. பதினோரு நிமிசம். நான் எண்ணினேன்.”

பிரகாசிக்குப் பொறுக்கவில்லை. “நீங்க பாத்தது தப்பு. கிட்ட வரணும்னு ஆசையிலதான் நுனியில இருந்தேன். திரைக்குள்ள நொழஞ்சிர முடியாதான்னு இருந்தது எனக்கு. நாலாவது ஆளப் பாத்ததும் மனசு விட்டுப் போச்சு, அதான் சாஞ்சேன். சத்தியமாச் சொல்லுதேன். ஆண்டவர் மேல ஆணை.”

அவர் அவளையே பார்த்தார். அவள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவள் அதை முழுசாக நம்பித்தான் சொன்னாள்.

“இருக்கட்டும்” என்றார் இன்னாசி. “அடுத்த தடவ படகு கெடைக்கலன்னா, சும்மாவே கடலுக்குள்ள நடந்து போவேன். நான் போயிருவேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. கரையில நிக்கப் போறது நீ.” அட்டையைப் பிரித்து மாத்திரையை எடுத்தார். நடுக்கமில்லாத விரல்கள். அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விழுங்கித் தண்ணீர் குடித்தார்.

ஏழு வாரத்தில் அவர் நான்காவது இன்னாசி ஆகிவிட்டார். டாக்டர்களின் கணக்கு கொஞ்சமும் பிசகவில்லை. பேக்கரியில் முந்திரி உடைத்துத் தரம் பிரிக்கும் வேலை கொடுத்தார்கள். கூம்பை வேறொருவர் எடுத்துக்கொண்டார். பிரகாசி முன்பெல்லாம் நின்று பார்த்த அந்த இடத்துப் பக்கம் இப்போது போவதில்லை. நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை சேர்த்தார்கள். நடுக்கம் பாதி குறைந்து, வாய் கூடுதலாகக் காய்ந்தது. மூன்று மாதம் கழித்து நான்காம் மாத்திரையின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம், அவர் சம்மதித்தால், என்றார் டாக்டர். அவரிடம் கேட்டபோது, பார்ப்போம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்டார்கள். இன்னாசி கட்டிலில் போய்ப் படுத்ததும் குறட்டை விட ஆரம்பித்தார். பிரகாசி பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வந்து கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்தாள். ஜன்னல் வழியே வெயில் அடித்தது. தெருவில் கருவாட்டுக்காரி கூவிக்கொண்டு போனாள். அவர் எங்கே போகிறார், ஏன் இத்தனை நேரம் பேசுகிறார், ஏன் சிரிக்கிறார் என்று கவலைப்பட எதுவுமில்லை. எப்போது கண் அசந்தாள் என்றே தெரியவில்லை. விழித்தபோது மணி மூன்றரை. இரண்டு மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்கியிருந்தாள். இப்படிப் பகலில் அவள் தூங்கி ஒன்பது வருடமாகியிருந்தது.

முதுகு முழுவதும் நாற்காலியில் பதிந்திருப்பதை அப்போதுதான் உணர்ந்தாள்.

திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கட்டிலில் அவர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது விழித்தாரோ தெரியாது. எச்சிலைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு மெல்ல முகத்துக்கு வந்து சேர்ந்தது.

பிரகாசி சட்டென்று நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். நுனியில் உட்கார்ந்து அவர் பக்கமாகக் குனிந்து, டீ போடட்டுமா என்று கேட்டாள். ஆசையில்தான் நுனியில் இருந்தேன் என்று அன்று சொன்னது பொய்யாகிவிடக் கூடாது, அவருக்காக எப்படியாவது அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிமிடம்கூட அவளால் அப்படி இருக்க முடியவில்லை; முதுகு தானாகப் பின்னால் சாய்ந்துவிட்டது.